குறுக்குக் கயிறு

என் அக்காள் கணவர் நேசையன் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் வாயைப் பூட்டிக்கொள்கிற ஆள். அதற்காக அவர் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

திருப்புறத்தில் அவருக்கு ஒரு பட்டறை. பூவாறு காயலில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர்கள், மோட்டார் லேசாக இருமினாலும் அவரிடம்தான் வருவார்கள். கருணாகரன் வந்தது வேறொரு குறையோடு. அவருடைய படகைத் திருப்ப, பின்னால் தொங்கும் மோட்டாரின் கைப்பிடியைத் தள்ள வேண்டும். கைப்பிடி இருக்கையில் இடிக்கும். மோட்டார் பாதிகூடத் திரும்பாது. கண்டல் என்கிற அலையாத்திக் காட்டுக்குள் குறுகிய வளைவுகள் வரும்போதெல்லாம் கழியை ஊன்றித் தள்ளிப் பாடுபட்டார்.

அத்தான் கைப்பிடியைக் கழற்றினார். மோட்டாரைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திப் பொருத்தினார். முன்னால் ஒரு ஸ்டியரிங் வைத்து, கப்பி வழியாகக் கயிறு ஓட்டினார். மோட்டார் இருபுறமும் முழுசாகத் திரும்பியது. அவசரத்தில் கயிறு மட்டும் குறுக்காக மாறிவிட்டது: ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் படகு இடப்பக்கம் போனது. அவிழ்த்து மாற்றப் போனவரைக் கருணாகரன் தடுத்தார்.

"எலே நேசையா, தொடாதே. கைப்பிடியும் இப்படித்தானே, வலத்தெ தள்ளினா இடத்தெ போவும். எனக்க கை பழகினது இதாக்கும். இது மதி."

மதி என்றால் எங்கள் ஊரில் போதும். அத்தானும் போதும் என்று விட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் அது ஒரு வேடிக்கை.

அடுத்த மழைக்காலத்தில் கருணாகரனுக்குப் பக்கவாதம் வந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது வலது கையும் பேச்சும் போயிருந்தன. மகள் ஷியாமளா படகை எடுத்தாள். வேறொரு கம்பெனியில் ஸ்டியரிங் படகு ஓட்டிப் படித்து உரிமம் வாங்கிய பெண். அப்பாவின் படகை அவள் அதுவரை ஓட்டியதில்லை. துறையை விட்டு விலகும்போதே எதிரே ஒரு வள்ளம் வந்தது. அவள் வலப்பக்கம் ஒடித்தாள். படகு இடப்பக்கம் சுழன்று படிக்கட்டில் போய் மோதியது. ஒரு பயணிக்குக் கை ஒடிந்தது.

'பெண்ணுக்கு இடமும் வலமும் தெரியாது' என்று துறை முழுக்கப் பேச்சு. பதற்றத்தில் தானே மாற்றித் திருப்பிவிட்டதாக அவளும் நம்பிவிட்டாள். படகை உடைத்து விற்றார்கள். அவள் அதற்குப் பிறகு காயல் பக்கமே போகவில்லை.

அத்தானுக்கு அன்றைக்கே காரணம் தெரியும். பழி தன் மேல் விழும் என்ற பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, அக்காளிடம்கூட மறைத்தார். கருணாகரன் இறந்து, அந்த வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். வாயில் வந்தபடியெல்லாம் திட்டி, கையோடு அவரை நெய்யாற்றின்கரைக்கு இழுத்துப் போனேன். அங்கே ஒரு துணிக்கடையில் ஷியாமளா சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மக்கா, கயிறு குறுக்கெ கெடந்தது. நீ சரியாத்தான் திருப்பினே. தப்பு எனக்கதாக்கும்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். பாதி மடித்த சேலையை மேசையில் வைத்தாள்.

"அப்பா சாவுறது வரெ, இடது கையால அந்த மரத்த கையைத் தூக்கி, குறுக்கெ குறுக்கெ வச்சுக் காட்டினாரு மாமா," என்றாள். "நாங்க ஒவ்வொரு தடவையும் அதை எடுத்து நேரெ வச்சோம்."