வெல்டர்கள் போடும் சொட்டு மருந்து

இசக்கிபாண்டி ஒரகடத்தில் வெல்டர். சாத்தான்குளம் பக்கத்துக்காரன், பிள்ளைப்பாக்கத்தில் கங்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறான். கண் எரிந்தால் அவன் டாக்டரிடம் போவதில்லை. வெல்டர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் ஒரு சொட்டு மருந்து உண்டு. போட்டுப் படுத்தால் காலையில் சிவப்பு போய்விடும்.

கங்கா ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்காக மணிமங்கலம் போயிருந்தபோது, அவளுடைய நாய் டைசனைப் பூனை கண்ணில் கீறிவிட்டது. பாண்டி அந்த மருந்தையே போட்டான். முதல் நாள் சிவப்புக் குறைந்தது. மூன்றாம் நாள் கருவிழியில் பள்ளம் விழுந்து, சுற்றிலும் கூழ்போல் வெண்மை படர்ந்தது.

கங்கா திரும்பி வந்ததும் இருவரும் நாயை வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கால்நடை மருத்துவர் ஷாரோன் கண்ணில் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தார்.

"அடியில மெல்லிசா ஒரு சவ்வுதான் மிச்சம். கீறல் இவ்வளவு வேகமாக் கரையாதே. ஏதாவது மருந்து போட்டீங்களா?"

"நான் வூட்லயே இல்ல டாக்டர். இன்னா பாண்டி, எதுனா போட்டியா?"

"இல்லக்கா."

"அப்போ இது மோசமான கிருமி. தையல் நிக்கிறது சந்தேகம். கண்ணை எடுத்துடலாம்."

கங்கா படிவத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தாள். பாண்டி சட்டைப்பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நாந்தான் போட்டேம்க்கா. ரூமக் காலி பண்ணச் சொல்லிருவியளோன்னு பயந்துட்டேன்."

டாக்டர் புட்டியைப் படித்தார். "ஸ்டீராய்டு. புண்ணை ஆறவே விடாது. இதை நிறுத்தினா தைச்சுப் பார்க்கலாம்."

"ஒரு கண்ணே போயிருக்கும், தெர்தா?" என்றாள் கங்கா. "உன் கண்ணையும் இதான் தின்னுகினு கீது."

வெள்ளைவிழியின் மேல்சவ்விலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து, பள்ளத்தின்மேல் திருப்பி வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் டாக்டர் தைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. வெளியே கங்கா ஒரு பெஞ்சிலும் பாண்டி இன்னொரு பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பத்து நாள் தையல் பிரியாம இருக்கணும்," என்றார் டாக்டர், வெளியே வந்து.

மருந்து நேரம் எழுதிய சீட்டைக் கங்கா அவன் கையில் திணித்தாள். அவன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு லீவு சொன்னான். இரண்டு மணிக்கொருமுறை நாயின் தலையைத் தொடையில் வைத்துச் சொட்டு விட்டான். டைசன் இருமுறை கடித்தது.

பதினோராம் நாள் டாக்டர் நாயின் நல்ல கண்ணைக் கையால் மூடி, தைத்த கண்ணுக்கு முன்னால் ஒரு பஞ்சை மேலிருந்து விழவிட்டார். டைசனின் தலை பஞ்சோடு கீழே இறங்கியது.

"பாத்துச்சுக்கா," என்றான் பாண்டி.

"நானும் பாத்தேன்," என்றாள் கங்கா. "வண்டிய எடு."