மேடையில் தெரிந்த நெருப்பு

என் தங்கையின் தலைமேல், எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் பிரதர் கைவைத்தது தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளியன்று. சிலுவைப்பாதை முடிந்து கோவிலிலிருந்து நேராக எல்லாரும் எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். நாட்களைக் குறித்துவைப்பது என் பழக்கம். இந்த ஒன்றைக் குறிக்கத் தேவை இருக்கவில்லை. பிரதர் கண்களை மூடினார். பிறகு, "ஆண்டவர் ஒரு மேடையைக் காட்டுறாரும்மா. நல்லா வெளிச்சமா இருக்கு. ஆனா அது விளக்கு இல்ல, நெருப்பு," என்றார். அப்பா அழுதுவிட்டார்.

அந்த வாரம்தான் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் பாட, சென்னைக்கு வரச் சொல்லித் தங்கைக்குப் போன் வந்திருந்தது. ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பிரதர் குருவானவர் அல்ல. எங்களைப் போலக் குடும்பஸ்தர், ஆபீஸ் வேலைக்காரர். ஆனால் பங்குச்சாமியார் சொன்னால் யோசிப்போம். பிரதருக்குத் தரிசனம் வந்துவிட்டால் யோசிக்க மாட்டோம். மறுநாளே அப்பா டிக்கெட்டை ரத்து செய்தார். கேபிள் இணைப்பையும் எடுக்கச் சொன்னார். தங்கை எதிர்த்துப் பேசவில்லை. "ஆண்டவரே சொல்லிட்டார்ல, விடுண்ணே," என்றாள். சினிமாப் பாட்டை அதோடு நிறுத்தினாள். அடுப்படியில் நிற்கும்போதுகூட முணுமுணுத்ததில்லை. தன்னைப் பற்றி வானத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது என்று நினைக்கிறேன். பாடாமல் போன வருத்தத்தை அந்தப் பெருமைதான் இத்தனை காலம் தாங்கிக்கொண்டது.

இந்த ஆண்டு ஈஸ்டர் கழிந்த வாரம், ஜெபக்குழு வாட்ஸப்பில் பிரதரின் செய்தி வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் அந்த ஜெபக்கூட்டத்தில் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த அவர் மகள், அதே போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாளாம். எல்லாரும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து ஓட்டுப் போட வேண்டுமாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் அவரை நிறுத்தினேன்.

"அந்த மேடையில நெருப்பு அணைஞ்சிருச்சுங்களா பிரதர்?"

"எந்த மேடை தம்பி?" என்று சிரித்தார்.

விவரம் சொன்னேன். பொய் சொல்பவரின் தடுமாற்றத்தை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அது அவர் முகத்தில் இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"அப்படியா சொன்னேன்? எத்தனையோ பேருக்கு ஜெபிக்கிறோம், எல்லாம் ஞாபகம் இருக்குங்களா? தங்கச்சியையும் மறக்காம ஓட்டுப் போடச் சொல்லுங்க."

தங்கை இப்போது ஸ்ரீரங்கத்தில் கணக்கு டீச்சர். இறுதிச் சுற்றை அவள் வீட்டில்தான் பார்த்தேன். அந்தப் பெண் ஒரு காதல் பாட்டைப் பாடினாள். முன்வரிசையில் கோட் அணிந்த பிரதர், எங்கள் வீட்டு முன்னறையில் மூடியதைப் போலவே கண்களை மூடியிருந்தார்.

"நல்லாத்தான் பாடுறா. மேல போறப்ப மட்டும் மூச்சு பத்தல," என்றாள் தங்கை. சற்று நேரம் கழித்து, "அவர்கிட்ட கேட்டியாண்ணே?" என்றாள்.

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

காலம் மாறிவிட்டது என்றார், வருத்தப்பட்டார் என்று எதையாவது நான் சொல்லியிருக்கலாம்.

"ஞாபகம் இல்லையாம்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொய் சொன்னேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல," என்றாள். "அப்ப யார் சொல்லிண்ணே நான் நிறுத்தினேன்?"