வலதுபக்கப் பற்கள்

கையில் சின்ன டார்ச் விளக்கோடு, வாஷ்பேசின் மேலே தொங்கும் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார் நைனா. அவரை நினைத்தாலே முதலில் இதுதான் கண்முன் வருகிறது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை முடிந்து சேக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் இந்த வேலை ஆரம்பித்துவிடும். வலதுபக்க மேல்வரிசையில் வெளிச்சம் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார், விரலால் ஈறைத் தடவுவார், உப்புத் தண்ணீரை வலது கன்னத்துக்குள்ளேயே அடக்கிவைத்துக் கொப்பளிப்பார். இடதுபக்கத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார். பல்மேல் இந்த மனுஷனுக்கு என்ன அக்கறை என்று வந்தவர்கள் மெச்சிவிட்டுப் போவார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அவர் அங்கே காவல் காத்துக்கொண்டிருந்தது தன் வலது கண்ணை.

எல்லாம் ஒரு கடைவாய்ப்பல்லில் ஆரம்பித்தது. பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் வீட்டின் கீழ்த்தளத்தையே கிளினிக்காக மாற்றியிருந்தார்கள் ஒரு கணவனும் மனைவியும். இரண்டு பேருமே பல் டாக்டர்கள். பல்லுக்குக் கம்பி கட்டுவது டாக்டர் சார்; அடைப்பது, பிடுங்குவது, சுத்தம் செய்வது, வேர் சிகிச்சை செய்து தொப்பி போடுவதெல்லாம் டாக்டரம்மா. எங்கள் குடும்பத்தில் எல்லாருடைய வாயும் அந்த அம்மாவுக்கு அத்துப்படி. தம்பியின் துருத்திய முன்பல் உள்ளே போனதும் அங்கேதான், என் ஞானப்பல் வெளியே வந்ததும் அங்கேதான். நாற்காலியில் சாய்ந்ததும், "வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்பார். மற்ற டாக்டர்களும் இதைச் சொல்வதுண்டு. இவர், நாம் கையைத் தூக்கினால் நிஜமாகவே நிறுத்துவார்.

நைனாவுக்கு இடதுபக்க மேல் கடைவாய்ப்பல் சொத்தையாகி, வேர் சிகிச்சைக்கும் தாங்காத நிலைக்குப் போய்விட்டது. எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. நாற்காலியில் படுத்தபடியே நைனா கேட்டார்: "மேல் பல்லாச்சே டாக்டரம்மா, கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதா?" கண்ணுக்குப் போகிற நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு என்று அவர் படம் காட்டி விளக்கினார். நைனா தலையாட்டினார். பல் சுலபமாக வந்துவிட்டது. அந்த வருஷம் மழை முடிவதற்குள் ஒருநாள், இரும்புத் தூள் விழுந்துவிட்டது என்று வலது கண்ணை மூடிக் கசக்கிக்கொண்டிருந்த நைனா அப்படியே நின்றுவிட்டார். திறந்திருந்த இடது கண்ணில் பாதி இருட்டாக இருந்தது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று எங்கள் தெருவில் நம்பாதவர் யார்? அம்மா நம்பினாள், எதிர் வீட்டுக்காரர்கள் நம்பினார்கள், நைனாவோடு ரயிலில் போகிற கூட்டாளிகள் அத்தனை பேரும் நம்பினார்கள். பதினோராம் வகுப்பில் உயிரியல் படித்த என் தம்பியும் நம்பினான். "அன்னிக்கே கேட்டேன். ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லி எட்த்துட்டாங்க. கண்ணு பூட்ச்சு" என்று நைனா ஏறின பெட்டியிலெல்லாம் சொன்னார். சேக்காட்டிலிருந்து ஒருவரும் அந்தக் கிளினிக் பக்கம் போவதில்லை என்றாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். திட்டுவதற்கென்று அம்மா சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளெல்லாம் ஆளைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட, காபி போட்டுக் கொண்டுவந்தாள். நைனாவின் இடதுபக்கம் வைத்த டம்ளரை அவர் கை தட்டிவிட்டது. டம்ளர் உருண்டதை டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "ஐயா, நான் கண் டாக்டர் இல்ல. ஆனா எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஓரத்துலேர்ந்து மறைஞ்சுது. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறுற வியாதி. வலியே இருக்காது. போனது திரும்பாதுங்க, ஆனா சொட்டு மருந்து போட்டா இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். அந்த வலது கண்ணையாச்சும் காட்டிடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

"ஒரு கண்ண எட்த்தது பத்தாதா?" என்றார் நைனா. "அந்தப் பக்கத்துப் பல்லு எல்லாம் அப்டியே கீது. எவனும் கை வெக்காத வரைக்கும் இந்தக் கண்ணுக்கு ஒண்ணும் வராது."

டாக்டரம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம், "என்னத் திட்டிக்கிட்டே போனாலும் பரவாயில்லம்மா, எப்படியாவது கூட்டிட்டுப் போயிடு" என்றார்.  எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் கொஞ்சம் மரியாதையும் வந்திருந்தது. நான் கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். கண் ஆஸ்பத்திரிக்கென்று கிளப்பிக்கொண்டு போனால் பாதி வழியில், வில்லிவாக்கத்திலேயே இறங்கி அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார். கடைசியில் பள்ளிக்கூடத்தில் நடந்த இலவச முகாமுக்கு மட்டும் வந்தார். அதற்கு வராமலே இருந்திருக்கலாம். அங்கே கண்ணாடிக்குப் பவர் மட்டும்தான் பார்த்தார்கள். இடது கண்ணை மறைத்துக்கொண்டு, பலகையில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் படித்துவிட்டார் நைனா. நேராக இருப்பது கடைசிவரை தெரிந்துகொண்டேதான் இருக்கும், ஓரம்தான் சத்தமில்லாமல் சுருங்கும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. "பாத்தியா பாப்பா, கண்ணு கழுகு மாரி கீது" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். 

பிறகு வலதுபக்க மேல்பல் ஒன்றும் சொத்தையாயிற்று. அத்தனை உப்புத் தண்ணீருக்கும் சொத்தை நிற்கவில்லை. கன்னம் வீங்கி, துண்டைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிராம்புத் தைலம், மாத்திரை, மறுபடி வீக்கம், மறுபடி மாத்திரை. பிடுங்க வேண்டாம், வலிக்கிற நரம்பை மட்டும் சாகடிக்கிற வேர் சிகிச்சையாவது செய்துகொள் என்றால், "நரம்பக் கொல்றாங்கன்னு நீயே சொல்றியே" என்பார். தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிற வலி அது. அதை அந்த மனுஷன் விரும்பி ஏற்றுக்கொண்டார், கண்ணுக்காக. பல்லில் வலி இருக்கும்வரை கண் பத்திரம் என்று அவருக்கு ஒரு கணக்கு. அப்பன் வலியில் துடிக்கும்போது கோபப்படுகிற மகளாக இருப்பது எவ்வளவு கேவலம் தெரியுமா? நான் அப்படித்தான் இருந்தேன்.

ஆவடி பிளாட்பாரத்தில் தள்ளுவண்டி ஒன்றில் மோதி விழுந்த அன்றுதான் அவர் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். வலது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நரம்பு காய்ந்துவிட்டது, இரண்டு கண்ணுக்கும் ஒரே வியாதி, ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது என்றார் கண் டாக்டர். நைனா தயங்கித் தயங்கி, முன்பு பிடுங்கிய அந்தப் பல்லைப் பற்றிக் கேட்டார். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்று எழுதிக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான். ரயிலில் நைனாவின் இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தெரியப்போவதில்லை என்று சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தேன். சொட்டு மருந்து போட்டோம். அந்த மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோனது.

இப்போது பட்டாபிராமில் அந்தத் தெருவைச் சுற்றிப் புதுப் புது அடுக்குமாடிகள். கிளினிக்குக்குக் கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், ஐ.டி.யில் வேலை பார்க்கிற இளம் தம்பதிகள், பல்லை வெளுப்பாக்கிக்கொள்ள வருகிறவர்கள். சேக்காட்டுக்காரர்கள் இல்லாமல் அந்த அம்மா ஒன்றும் குறைந்துபோகவில்லை. கெட்டுப்போனது எங்கள் வீடுதான். போன மாதம் நைனா கட்டிலில் உட்கார்ந்தபடி, "அந்தப் பல்ல எட்த்துர்லாம் பாப்பா. இன்னும் எதுக்கு அத்தக் காப்பாத்திகினு கீறேன்?" என்றார். யாரிடம் போகலாம் என்று கேட்டேன். "அந்த அம்மாகிட்டயே இட்டுகினு போ" என்றார்.

டாக்டரம்மாவின் முடி பாதி நரைத்திருந்தது. நைனாவைப் பார்த்ததும் எழுந்துவந்து கையைப் பிடித்து, நாற்காலி எங்கே ஆரம்பிக்கிறது, கால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் படுக்கவைத்தார்.  மரத்துப்போகும் ஊசி போட்டார். பல் வந்து தட்டில் விழுந்த சத்தம் கேட்டு நைனா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். மரத்த வாயில் வார்த்தைகள் குழற, "டாக்டரம்மா, அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சொன்னீங்களே, அப்பவே போயிருந்தா இந்தக் கண்ணு நின்னிருக்குமா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பதில் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவர் ஒரு பஞ்சைச் சுருட்டி அந்தக் குழியில் வைத்து, நைனாவின் தாடையை இரண்டு கையாலும் மெல்ல மூடினார்.

"நல்லா கடிச்சுக்குங்க ஐயா. அரை மணி நேரம் பேசக் கூடாது."

நைனா கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி கழிந்து பஞ்சைத் துப்பிவிட்டு, போகலாம் என்று என் கையைத் தேடினார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை.