இரண்டு விரல் தடிப்பு ரப்பர்

துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனுசனுக்கு லண்டனில் துவக்குப் பட்டறையிலேயே வேலை கிடைத்தது. இதைச் சொல்லி நான் இவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. இவர் என்றால் என் கணவர் அருட்பிரகாசம். மன்னாரில், முருங்கன் பக்கத்தில் தச்சுவேலை செய்தவர். எண்பத்தைந்தில் நாங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து கிங்ஸ்பரியில் ஒரு அறையில் குடியிருந்தோம். மேற்கு லண்டனில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னப் பட்டறைக்கு மரவேலை தெரிந்த ஆள் தேவை என்று அடுத்த வருடம் யாரோ சொல்ல, உளிகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு போனார். அன்றைக்கே வேலைக்கு எடுத்துவிட்டார்கள்.

அங்கே செய்தது, ஆபிரிக்காவுக்கு யானையும் காட்டெருமையும் சுடப் போகிறவர்களுக்கான பெரிய துவக்குகள். இவருடைய வேலை பிடங்கு, அதாவது தோளில் வைக்கிற மரப்பகுதி. அந்தத் துவக்கு ஒவ்வொன்றும் ஐந்து கிலோ வரும். தோட்டா என் நடுவிரலை விட நீளம். அந்த நீளத் தோட்டா வெடித்தால் உதை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"உதையை இல்லாமல் ஆக்க ஏலாது, இம்மாகுலேற்" என்று சோறு தின்னும்போது எனக்கு வகுப்பு எடுப்பார். "அதை எப்பிடி வாங்கிறதெண்டதுதான் விசயம். பிடங்கு ஆளுக்குப் பொருந்தினா உதை தோள் முழுக்கப் பரவிப் போயிடும். பொருந்தாட்டி ஒரு இடத்திலை குத்தும். இல்லாட்டி கன்னத்திலை அறையும்."

"சோத்தைத் தின்னுங்கோ. இஞ்சை ஒருத்தரும் யானை சுடப் போகேல்லை" என்பேன்.

அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எண்பத்தொன்பது ஐப்பசி வரைக்கும்தான் இருந்தது.

அன்றைக்கு நான் வேலையால் வந்தபோது, மத்தியானம் மூன்று மணிக்கு, இவர் கோட்டைக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். "என்ன, கலைச்சுப் போட்டாங்களோ?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு துண்டு துண்டாகச் சொன்னார்.

வாடிக்கையாளர்களைச் சுடவைத்துப் பார்க்கிற வெளிக்கு அன்று காலை இவரையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். வந்தவர் குள்ளமான ஒரு வெள்ளைக்காரர். தன்னுடைய எருமைத் துவக்கு தோளை உடைக்கிறது என்று, அதன் பின்புறத்தில் தானே தடித்த ரப்பர் ஒன்றை வீட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். குளிருக்குக் கம்பளிக் கோட்டு வேறு. மேற்பார்வையாளர் விற்கம் பகிடியாக "எருமை வருகிறது!" என்று கத்த, அந்த மனிதர் துவக்கைச் சட்டென்று தூக்கினார். பிடங்கு தோளுக்கு வரவில்லை. நீளம் கூடியதால் கமக்கட்டில், அக்குளுக்குள், இடித்தது. ரப்பர் கம்பளியில் பற்றிப் பிடித்துக்கொண்டது. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், துவக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். விற்கமும் சிரித்துவிட்டு, ரப்பரின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு மரத்தை அறுக்க வேண்டும், ரப்பரின் மேலே வழுக்குகிற தோலும் போட வேண்டும், இல்லாவிட்டால் எருமை உங்களை முந்திவிடும் என்று சொன்னாராம்.

"கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவர், இம்மாகுலேற்" என்றார் இவர். "அண்ணை நிண்ட மாதிரியே."

நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் எனக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

இவருடைய அண்ணன் செபஸ்தியாம்பிள்ளை எங்கள் ஊரில் வயல் செய்தவர். பயிரைப் பன்றியிடமிருந்து காக்க மாமனாரின் காலத்துத் துவக்கு ஒன்று, லைசன்சோடு வீட்டில் இருந்தது. எண்பத்தொன்றில் அதன் பிடங்கு பிளந்து போனது. அந்தத் துவக்கு உதைத்து உதைத்து அண்ணனுடைய தோள் எப்போதும் கன்றிக் கிடக்கும். தம்பிக்காரனுக்கு அண்ணன் மேல் உயிர். நத்தாருக்குள், அதாவது கிறிஸ்மஸுக்குள், ஒரு புதுப் பிடங்கு செய்து கொடுத்து அசத்த வேண்டும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் முதிரைக் கட்டை ஒன்றை எடுத்துச் செதுக்கத் தொடங்கினார். அளவுக்குத் தன் கையையே வைத்தார். உயரத்தில் அண்ணன் இவரை விட ஒரு சாண் கட்டை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த வீட்டில் அளவு என்றால் அப்படித்தான். நத்தார் உடுப்பைக்கூட உயர்ந்த பிள்ளைக்கு அளந்து எல்லாருக்கும் தைப்பார்கள். "பெரிசாய் இருந்தாப் பிழையில்லை" என்பது அவர்கள் வீட்டு வேதம். அது போதாதென்று, அண்ணனின் தோள் நோகக் கூடாது என்று லொறி ரயர் ரப்பரை இரண்டு விரல் தடிப்புக்கு வெட்டிப் பின்னால் வைத்து ஆணி அறைந்தார். ரயர்த் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

நத்தார் அன்று அண்ணன் முற்றத்தில் வெறும் மேலோடு நின்று, ஆறுதலாகத் தோளில் வைத்து, ஒரு பழைய பானைக்குக் குறிபார்த்துச் சுட்டார். பானை தூளாகியது. "உதையே தெரியேல்லையடா, தம்பி!" என்று இவரைக் கட்டிப்பிடித்தார். வெறும் தோளில் அது சரியாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் விடியற்காலை மழை. மழைக்கு எல்லோரையும் போல அவரும் சணல் சாக்கை மடித்துத் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். பன்றி பாய்ந்து தொடையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சீவன் போனது. துவக்கு வெடிக்கவே இல்லை. கூடப் போய் மரத்தில் ஏறித் தப்பியவன் ஊருக்குச் சொன்னது ஒன்றுதான்: "அந்தாள் சுடேல்லை. பயத்திலை துவக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டது."

ஊர் வாய்க்கு மூடி ஏது? செத்தவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவருடைய மனைவி அஞ்சலீனா அக்கா கிணற்றடிக்குப் போனால், "கட்டிப்பிடிச்சவற்றை பெண்சாதி" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவள் அதை நம்பினாள். நாங்களும் நம்பினோம் என்பதுதான் கேவலம்.

அந்தப் படிக்கட்டில் வைத்தே நான் இவரிடம் சொன்னேன். "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நுணலும் தன் வாயாலை கெடுமெண்டு தெரியாதோ? போன சீவன் வரப்போறதில்லை." இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட வேண்டும் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். லண்டனில் மழைக்கா பஞ்சம்? மழை பெய்தால் இவர் ஜன்னல் பக்கம் போகமாட்டார். பஸ் நிறுத்தத்தில் யாராவது கோட்டுத் தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றால், "அண்ணை சாக்கோடை நிக்கிறார்" என்பார், பகிடி இல்லாமல். வெம்பிளிக் கடையில் அரிசி சணல் சாக்கில் வரும். அந்தக் கடைக்கு இவர் வருவதை நிறுத்தினார். பேசிக்கொண்டு இருக்கும்போதே வலது கை தானாக எழும்பும், கமக்கட்டு வரை வந்து நிற்கும், பிறகு விழும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். எனக்கும் பயம்தான். சில நேரம் சமையலறை வாசலில் ஈரச் சாக்கு மணத்தது. நான் பொய் சொல்லவில்லை, மணத்தது.

பட்டறையில் மட்டும் இவருடைய மதிப்பு ஏறியது. ஒருவருடைய கையை, கழுத்தை, தோள் சரிவை நாலு தரம் அளக்காமல் மரத்தில் உளி வைக்க மாட்டார். எந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போவீர்கள், அதையும் கொண்டுவாருங்கள் என்பாராம். அவருக்குப் பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அவர் செய்த பிடங்கு எவனையும் குத்தியது கிடையாது.

தொண்ணூற்றிரண்டில் அஞ்சலீனா அக்கா வந்து சேர்ந்தாள். அவள் வர வேண்டும் என்று அலைந்து கடிதம் எழுதி எல்லாம் செய்தது இவர்தான். வெம்பிளியில் ஒரு அறை பார்த்துக் கொடுத்தோம். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "என்ரை கூடப்பிறந்ததுகூட இப்பிடிப் பாக்காது" என்று இவரைக் காட்டி எல்லாருக்கும் சொல்வாள். அவள் "தம்பி" என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் இவருடைய முகம் சுருங்கும்.

நத்தார் கழிந்த நாலாம் நாள், அண்ணனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளுடைய அறையில் புருஷனுடைய படம் இல்லையே என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"பெட்டிக்குள்ளை கிடக்கு" என்றாள். "என்னத்துக்கு வெளியிலை? ஒரு வெடி வைச்சிருக்கலாம். படாட்டியும் பரவாயில்லை. எனக்காக ஒரு வெடி. கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டு செத்த மனுசனைச் சுவரிலை மாட்டி நான் என்ன பெருமை பேச?"

இவர் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். பிறகு எழும்பிக் கை கழுவப் போனார். அன்றைக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தபோது மேசையில் சாப்பாடு இல்லை. பட்டறையில் கழித்துவிட்ட ஒரு பிடங்கு, இரண்டு விரல் தடிப்பில் ரப்பர் வைத்து, கிடந்தது. பக்கத்தில் வெம்பிளிக் கடைச் சணல் சாக்கு. அந்தச் சாக்கைத் தன் கையாலேயே தூக்கி வந்திருந்தார். நான் கண்ணால் எவ்வளவோ தடுத்தேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"மச்சாள், அண்ணை பயப்பிடேல்லை" என்று தொடங்கினார். மரத்தின் நீளம், தன் கையின் அளவு, ரயர், சாக்கு, ஒன்றையும் விடாமல் சொன்னார். "உதை நோகக் கூடாதெண்டுதான் வைச்சனான். அதுதான் அவரைப் பிடிச்சு வைச்சது. கொன்றது நான், மச்சாள்."

அவள் அழவில்லை. எழும்பி வந்தாள். சாக்கை எடுத்து ஊரில் மடிக்கிற மாதிரி மடித்துத் தலையிலும் தோளிலும் போட்டாள். பிடங்கைக் கையில் எடுத்தாள்.

"எப்பிடித் தூக்கிறது? காட்டும்."

இவர் காட்டினார். அவள் சட்டென்று தூக்கினாள். ரப்பர் சாக்கில் பற்றியது. மரம் கமக்கட்டில் இறுகி நின்றது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. இன்னொருக்காத் தூக்கினாள். மூன்றாம் தரமும் அதே இடத்தில் நின்றது. பிடங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாக்குக்குள் முகம் தெரியாமல் நின்றாள். எங்கள் வீட்டுக்குள் அண்ணனே நிற்கிறார் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

"இப்பிடியோ நிண்டவர்?"

"ஓம், மச்சாள்."

"அப்ப அவர் தூக்கினவர்."

"ஓம். தூக்கினவர்."

அவள் பிடங்கை மேசையில் வைத்தாள். சாக்கைக் கையில் மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவே அவளுடைய குரல்தான் கேட்டது. கண்டவர்கள் எல்லாருக்கும் சொன்னாள். என்ரை மனுசன் பயப்பிடேல்லை, துவக்கைத் தூக்கினவர், தம்பிக்காரன் வைச்ச ரப்பர்தான் ஆளைக் கொன்றது என்று. ஊர்க்காரர் திரும்பித் திரும்பி இவரைப் பார்த்தார்கள். இவளை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது யார்? கேட்டே விடுவது என்று எழும்பினேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"விடு, இம்மாகுலேற். அண்ணையைத்தானே சொல்லுறா. சொல்லட்டும்."

அன்று வீட்டுக்கு வரும்போது மழை. இவர் குடை பிடிக்காமல், பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களை நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். கை எழும்பவில்லை.

அவள் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். கோயிலில் என்னோடு பேசுவாள், இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படியே அந்த வருடம் போனது. தொண்ணூற்று மூன்று மார்கழியில் ஒரு நாள் பூசை முடிய, என் கைக்குள் ஒரு துண்டுத் தாளைத் திணித்தாள். இரண்டு எண்கள் எழுதியிருந்தன.

"படத்துக்கு ஒரு சட்டம் வேணும். உன்ரை மனுசனைச் செய்யச் சொல்லு. அளவு நான் எடுத்திருக்கிறன்."

பட்டறையில் மிஞ்சிய வால்நட் துண்டில் இவர் அதைச் செய்தார். அரை நாள் வேலை. நாலு நாள் எடுத்தார். அண்ணனுடைய பூசைக்கு முதல் நாள் நாங்கள் வெம்பிளிக்குக் கொண்டுபோனோம். அவள் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே வாங்கினாள். படத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தாள், சட்டத்துக்குள் வைத்தாள். மயிர் இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தது. இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிற அண்ணனை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரியாய்த்தான் இருக்கு" என்றாள். பிறகு, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, இவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"அண்டைக்கும் அவரிட்டை ஒருக்கா அளவு கேட்டிருக்கலாம், தம்பி."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் சுவரில் ஆணி அறையும் சத்தம் கேட்டு முடியும் வரை இவர் அந்தப் படியிலேயே நின்றார்.