பெயின்ட்டுக்கு அடியில் இருந்த நம்பர்

நான்கு வருடத்துக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கும்பகோணத்துக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு பெண்கள் பள்ளியில் நான் மைதான வேலை பார்க்கிறேன். அன்று காலை புல் வெட்டும் வண்டியில் ஏறி மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருந்தேன். வண்டி இரண்டு முறை இருமியது. அப்படியே நின்றுவிட்டது.

வண்டி என்றால் கையால் தள்ளிக்கொண்டு போவது இல்லை. சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுவது. அடியில் பிளேடு சுழலும். சீட்டுக்குப் பின்னால் இன்ஜின் திறந்தபடி இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தது. அது வந்து இறங்கியபோது ஓட்ட ஒருத்தருக்கும் தெரியாது. நான் அப்போது விடுதிச் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, விழுந்து எழுந்து, நானாகக் கற்றுக்கொண்டேன். அதன்பிறகு சமையற்கட்டுப் பக்கம் போனதில்லை.

என் தோழி ஒருத்தி, நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றுவதும், வெட்டிய புல்லை வாரிக் கொட்டுவதும் அவள் வேலை. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தால், "தேர் கெளம்பிடுச்சு, எல்லாரும் வந்து வடம் புடிங்கடி" என்பாள். அவள் சொன்னால்தான் எனக்கு வண்டி ஓட்டுகிற மாதிரியே இருக்கும்.

நின்ற வண்டியை ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆனது. இருபது நிமிடம் ஓடியது. மறுபடி நின்றது. மறுநாளும் இதே கதை. ஐப்பசி மழை வேறு ஆரம்பித்துவிட்டது, புல் கண்ணெதிரே வளர்கிறது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சமையற்கட்டுப் பெண்கள் எல்லோரும் நிற்கும்போதே தோழியைப் பிடித்துக்கொண்டேன்.

"கேனைக் கழுவி ஈரத்தோடயே பெட்ரோல் புடிச்சிட்டு வந்திருக்க. தண்ணி கலந்துதான் வண்டி நிக்குது" என்றேன்.

அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "ஓடுறப்ப தேர் உன்னோடது. நின்னா மட்டும் வடம் புடிச்சவ மேல பழியா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். அதன்பிறகு என்னோடு பேச்சு இல்லை.

பம்புசெட் மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தோம். கார்புரேட்டர் போய்விட்டது என்றார். சீட்டுக்கு அடியில் ஒரு தகட்டில் நம்பர் இருந்தது. அதைச் சொல்லி சென்னைக் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தோம். வந்த கார்புரேட்டரின் ஓட்டையும் எங்கள் இன்ஜினின் ஓட்டையும் சேரவே இல்லை. கடைக்குப் போன் போட்டால், "நீங்க சொன்னது வண்டியோட நம்பருங்க. இன்ஜின் செஞ்சது வேற கம்பெனி. அதோட நம்பரைச் சொல்லுங்க" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊர் பஸ் மாதிரிதான். சேஸிஸ் ஒரு கம்பெனியில் வரும், பாடி கரூரில் கட்டுவார்கள். வெளியில் எழுதியிருக்கிற பெயரைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. அதற்குள் மூன்று வருடம் ஓட்டியிருந்தேன், என் இன்ஜின் பெயர் எனக்குத் தெரியாது. சாமி சுற்றுவது போல அதை மூன்று முறை சுற்றி வந்தேன். எங்கேயும் நம்பர் இல்லை. பச்சைப் பசேல் என்று மினுமினுத்தது.

புதன்கிழமை உடற்கல்வி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை வெளிப் பள்ளிகளிலிருந்து ஹாக்கி விளையாடப் பிள்ளைகள் வருகிறார்கள். "ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்கக்கா. வெள்ளிக்கிழமை காலைல புல்லு வெட்டலைன்னா வெளியிலேர்ந்து ஆள் வராங்க. அதுக்கப்புறம் வருஷம் முழுக்க அவங்கதான். நீங்க மறுபடி சமையக்கட்டுக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை காலைல நான் வெட்டுறேன் டீச்சர்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த சீட்டை விட்டு இறங்குவதில்லை என்று மட்டும் முடிவு செய்துவிட்டேன்.

டீச்சர்தான் ஒரு வழி சொன்னார். தரங்கம்பாடியில் அவருக்குத் தெரிந்த விடுதி ஒன்றில் இதே மாதிரி வண்டி இருக்கிறதாம். போன் செய்து கேட்டதில், படகு இன்ஜின் கடை வைத்திருக்கும் ஒரு பாய்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு, மயிலாடுதுறை போய் பஸ் மாறி, மதியத்துக்குள் அவர் கடை வாசலில் நின்றேன்.

என் வயதுதான் இருக்கும் அவருக்கு. பல வருடம் வளைகுடா நாட்டில் கோல்ஃப் மைதானத்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டவராம். "அங்க மணல்ல புல்லு மொளைக்க வைக்க ஆயிரம் பேரு. இங்க அதுவா மொளைக்குது, வெட்ட ஒரு ஆளு" என்று சிரித்தார். நான் விஷயத்தைச் சொல்லி, ஒரு கார்புரேட்டர் கொடுங்கள் பாய் என்றேன்.

"நம்பர் இல்லாம ஒரு வாஷர்கூட தர மாட்டேம்மா. பேரு தெரியாத ஆளுக்கு டாக்டர் மாத்திரை எழுதுவாரா? இன்ஜின் போட்டோ இருந்தா காட்டுங்க."

என் செல்போனில் தெளிவாக இருந்தது ஒரே ஒரு படம்தான். ஆயுத பூஜையன்று எடுத்தது. வண்டியைக் கழுவி, இன்ஜினுக்குப் புதுப் பச்சை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, நானே கட்டிய சாமந்தி மாலையை அதற்குப் போட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"கல்யாணப் பொண்ணு மாதிரில்ல இருக்கு" என்றார். "பெயின்ட் யாரு அடிச்சது?"

"நான்தான் பாய்."

"ஸ்ப்ரேயா, பிரஷ்ஷா?"

"பிரஷ்தான். ரெண்டு கோட்டு."

"ரெண்டு கோட்டு" என்று தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நம்பர் எங்கயும் போகலம்மா. ஸ்பார்க் பிளக்குக்கு மேல இரும்பு மூடி இருக்கு பாருங்க, அதுல அடிச்சிருப்பாங்க. உங்க பெயின்ட்டுக்கு அடியில இருக்கு. தின்னரைத் துணில நனைச்சு ஊறவிட்டு, பழைய டூத் பிரஷால தேய்ங்க. கத்தியால சுரண்டினீங்கன்னா எழுத்தும் சேந்து போயிடும்."

கிளம்பும்போது, "மாலையைக் கழட்டிட்டுத்தானே வண்டிய எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"எலுமிச்சம்பழம் நசுக்க வேணாமா பாய்? மாலையோட மைதானத்தை ஒரு சுத்து சுத்தினேன். சாயங்காலம் பாத்தா மாலை பாதிதான் இருந்துச்சு, எங்கயோ விழுந்துடுச்சு."

அவர் என் போனை வாங்கி அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வீடியோ கால் போடுங்க. பக்கத்துல போன் புடிக்க ஒரு ஆளை வச்சுக்குங்க" என்றார். ஒரு பொருளும் விற்காமல் என்னை அனுப்பி வைத்தார்.

போன் பிடிக்க ஒரு ஆள். பஸ்ஸில் வழி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில் எல்லோரும் பிள்ளைகளுக்குப் பரிமாறப் போய்விடுவார்கள். கையில் வேலை இல்லாமல் இருப்பது அவள் ஒருத்திதான். வியாழக்கிழமை காலை போய் அவள் முன்னால் நின்றேன். "போன் புடிக்கணும்" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் போனை வாங்கிக்கொண்டாள்.

தின்னர் துணியை முன்னமே சுற்றி வைத்திருந்தேன். டூத் பிரஷால் தேய்க்கத் தேய்க்கப் பச்சை நுரைத்து வந்தது. முதலில் ஒரு இரண்டு தெரிந்தது. அப்புறம் ஒரு எட்டு. கொஞ்ச நேரத்தில் மூன்று வரிசை எண்கள், பளிச்சென்று. அவள் போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினாள்.

"முதல் வரி இது எந்த இன்ஜின்னு சொல்லும். ரெண்டாவது அதுல எந்த வகைன்னு. மூணாவது செஞ்ச தேதி" என்றார் பாய். அந்தத் தேதியைப் பார்த்தால், நானும் அவளும் வேலைக்குச் சேர்ந்த அதே வருடம். இரண்டு பேருமே அதைக் கவனித்தோம்.

"இந்த இன்ஜின் எனக்கு நல்லாத் தெரியும். இதுக்குக் கார்புரேட்டர் அவ்வளவு சுலபத்துல போகாது. மொதல்ல பிளக் ஒயரைப் புடுங்குங்க. ஒயரைப் புடுங்காம எப்பவும் உள்ள கைய விடாதீங்க. இப்ப விசிறிக்கு மேல இருக்கிற பெரிய மூடியோட போல்ட்டை ஒண்ணொண்ணாக் கழட்டுங்க."

கழற்றி மூடியைத் தூக்கினேன்.

உள்ளே என் மாலை இருந்தது. நார் விசிறியைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, சாமந்தி இதழெல்லாம் அரைபட்டு, பக்கத்து வயலில் குறுவை அறுத்தபோது பறந்த தூசியும் புல்லும் சேர்ந்து, இன்ஜினைச் சுற்றியிருந்த தகடுகளுக்கு நடுவில் குருவிக்கூடு போல அடைத்திருந்தது. ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் நான் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதில் எல்லாம் இறுகி, இன்ஜினை ஆற்றும் காற்று போக ஒரு துளை இல்லை. இருபது நிமிடத்தில் அதற்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

மூடியைக் கையில் பிடித்தபடியே நான் அவளைப் பார்த்தேன். அவள் போனை இறக்கிவிட்டு மாலையைப் பார்த்தாள்.

"என்ன, லைன் கட்டாயிடுச்சா?" என்றார் பாய்.

"இல்லண்ணே" என்றாள் தோழி. "மாலை கெடைச்சிடுச்சு."

பெயின்ட் பிரஷாலும் மூங்கில் குச்சியாலும் இடுக்கு இடுக்காகச் சுத்தம் செய்தோம். வெப்பத்தில் கருகிப்போயிருந்த ஆயிலை மாற்றினோம். எந்த ஆயில், எவ்வளவு என்று அந்த நம்பரை வைத்துத்தான் பாய் சொன்னார். ஏர் ஃபில்டரைத் தட்டினால் அரைப்பிடி பதர் கொட்டியது. பழைய கார்புரேட்டர் அதே இடத்தில் அப்படியே இருந்தது, அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுக்கும் முன் சமையற்கட்டு வாசலுக்குப் போனேன். அன்றைக்கு யார் யார் நின்றார்களோ, அவர்கள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். "பெட்ரோல்ல தண்ணி இல்ல. நான் போட்ட மாலைதான் வண்டிய நிறுத்திச்சு. இவளைச் சொன்னது தப்பு."

சொல்லிவிட்டு, கையிலிருந்த சாவியையே திருப்பிக்கொண்டு நின்றேன். அவள்தான் என்னைக் காப்பாற்றினாள். "சரி சரி, தேரு நிலையிலேயே நிக்குது. போயி எடு" என்றாள்.

இருபது நிமிடம் ஆனபோது என் காதெல்லாம் இன்ஜின் மேல்தான். இருபத்தைந்து. அரை மணி. வண்டி நிற்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் மைதானம் முழுக்க முடித்துவிட்டு இறங்கினேன். டீச்சர் ஆபீஸ் பக்கம் வேகமாக நடந்து போவது தெரிந்தது. சனிக்கிழமை பிள்ளைகள் விளையாடினார்கள். வெளி ஆள் யாரும் வரவில்லை.

இப்போது ஓட்டும் முன் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கிறேன். ஓட்டி முடித்ததும் ஆறவிட்டு, மேல் வலையை பிரஷால் தட்டுகிறேன். இன்ஜின்மேல் தண்ணீர் பீய்ச்சுவதில்லை. மூன்று வரி நம்பரையும் ஷெட் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், அவள் கையெழுத்தில். ஆயுத பூஜையும் நடக்கிறது. மாலை ஸ்டீயரிங்குக்கு மட்டும், எலுமிச்சம்பழம் நசுக்கும் முன் அதையும் அவள் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள்.

சந்தனம் வைக்கும் முன் அந்த எண்களை நான் ஒரு முறை துணியால் துடைப்பேன். ஒன்றின் மேல் உயிரையே வைத்திருந்தாலும் அதன் பெயர்கூடத் தெரியாமல் இருந்துவிடலாம் என்பதையும், அது நின்றபோது என் கை முதலில் நீண்டது பக்கத்தில் நின்றவளை நோக்கித்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக.