மூன்று எண்களின் சராசரி

அணுபுரத்தில் எங்கள் குடியிருப்புக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரியது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும்.

என் வேலை அளவுக் கருவிகளோடு. ஒரே குழாயில் மூன்று மீட்டர்கள் மூன்று விதமாகக் காட்டினால், சராசரி எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் என்றால் தர்மாமீட்டரை மூன்று தடவை வைத்துச் சராசரி சொல்வேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

சுனாமி வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு விடுமுறை நாள் மாலை. மனைவியும் ஐந்து வயது மகளும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். அப்போது வீட்டுக்கு ஒரே செல்போன். அது என் சட்டைப்பையில். அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் என்று டிவியில் செய்தி ஓடியது. ஒரு சேனல் எட்டுக்கு மேல் என்றது. மற்ற இரண்டும் எட்டுக்குக் கீழே, அதுவும் ஆளுக்கொரு எண்.

“இன்னா சார், மூணு பேரும் மூணு சொல்லிகினு கீறாங்க. மூணு எடத்துல ஆடிச்சா?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆடியது ஒரே நிலநடுக்கம்தான் என்றேன். ஒவ்வொரு மையமும் தன் கருவிகள் இருக்கும் இடத்திலிருந்து அளக்கிறது, கணக்குப் போடும் முறையும் வேறு. முதலில் வந்து சேரும் வேகமான அதிர்வுகளை வைத்து அவசரமாக ஓர் எண் சொல்வார்கள். மெதுவான, நீண்ட அதிர்வுகளையும் பார்த்த பிறகுதான் திருத்துவார்கள். ரொம்பப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

“அப்போ இது இன்னும் ஏறுமா?”

“ஏறலாம். ஆனா மூணுக்கும் சராசரி எட்டைத் தொடல. பயப்படாதீங்க.”

எட்டுக்குக் கீழே இருந்தால் நம் கரைக்கு அலை வராது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானே கிழித்துக்கொண்ட கோடு அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் அதைத்தான் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். அவருடைய தங்கை மகளை அந்தச் சுனாமி கொண்டுபோயிருந்தது.

“ஏறும்னு நீயே சொல்ற, அப்பால இன்னா சராசரி? எங்க குப்பத்துல மூணு பேரு கடல பாத்து மூணு சொன்னா, ரொம்ப பயந்தவன் பேச்சதான் கேப்போம். பாப்பா எங்க?”

“பீச்சுக்குப் போயிருக்கா.”

“வண்டிய எடுய்யா!”

அதுவரை என்னை சார் என்று மட்டுமே அழைத்தவர். ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் அவரைக் குப்பத்தில் இறக்கிவிட்டேன். இறங்கும்போதே, மேட்டுக்குப் போங்கள் என்று கூவிக்கொண்டே ஓடினார். அதன்பிறகுதான் ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கினேன்.

மாமல்லபுரத்தில் மகள் கணுக்கால் தண்ணீரில், கடலுக்கு முதுகைக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளை அள்ளிக்கொண்டேன். மனைவி என்னவென்று கேட்டதற்கு, ஏறு என்று மட்டும் கத்தினேன். மூவரும் ஸ்கூட்டரில் கடலை விட்டு ஊருக்குள் பறந்தோம்.

அலை வரவில்லை. மறுநாள் காலைச் செய்தியில் எண்ணைத் திருத்தியிருந்தார்கள். எட்டை நன்றாகவே தாண்டியிருந்தது. அன்று கடல் அடங்கிக் கிடந்தது என் கணக்கால் அல்ல.

அக்கா வந்ததும் அதைச் சொன்னேன். என் சராசரி தப்பு என்பதையும் ஒப்புக்கொண்டேன். கைகூப்பி நன்றி சொன்னேன்.

“நம்பரு ஏறினா ஏறட்டும் சார். பொண்ணு வூட்ல கீறாளா?”

“இருக்கா அக்கா,” என்றேன்.