சிதம்பரம் சீட்டும் என் மகனின் தூளியும்

சிதம்பரம் யுனிவர்சிட்டியில் பி.யூ.சி. இன்டர்வியூ. உள்ளே என் மாணவி ஹாஜிரா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வராந்தாவில் நான் கைக்குழந்தையோடு நின்றிருந்தேன். அவள் உட்கார்ந்ததுதான் பிரச்சனை.

ஏன் என்று சொல்ல, ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும். எங்கள் ஸ்கூலில் புதிதாகச் சேரும் டீச்சர்களுக்கு உபயோகமாக இருக்கும், எழுது என்று ஹெச்.எம். அம்மா சொன்னார்கள். உபயோகமாக இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். சொன்னதால் எழுதுகிறேன்.

1. வாப்பாவின் பேச்சு

கடலூரில் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் நான் சயின்ஸ் டீச்சர். பிரசவ லீவு முடிந்து திரும்பிய முதல் வாரமே ஹாஜிராவின் வாப்பா என்னைப் பார்க்க வந்தார். முதுநகரில் மளிகை மொத்த வியாபாரம். அவர் மகள் அப்போது எஸ்.எஸ்.எல்.சி.

"டீச்சரம்மா, இவ மேல படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சிதம்பரத்துல ஹாஸ்டலோட சீட்டு கெடச்சா அனுப்புறேன். கெடைக்கலேன்னா நிக்காஹ். மாப்ள ரெடியா இருக்காரு, சிங்கப்பூர்லேருந்து வர்றாரு" என்றார்.

சயின்ஸ் குரூப்பில், அதுவும் ஹாஸ்டலோடு, பெண்களுக்கு இருந்ததே கொஞ்சம் இடம்தான். மாவட்டம் முழுக்க அதற்குத்தான் மோதல். இன்டர்வியூவோ இங்கிலீஷில். எங்கள் ஸ்கூலில் பாடமெல்லாம் தமிழ். நான் "பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏன் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

2. தூளிப் பயிற்சி

தினம் ஸ்கூல் விட்டதும் ஹாஜிரா மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பேன். அவள் நின்றுகொண்டு பதில் சொல்வாள். உத்திரத்தில் என் பழைய சேலையில் கட்டிய தூளி. குழந்தை சிணுங்கினால் அவளே ஆட்டிவிடுவாள். இரண்டு வாரத்தில் அவள் கை தூளியை விட்டு நகராமல் ஆகிவிட்டது.

"வொய் டு யூ வான்ட் டு ஸ்டடி சயின்ஸ்?" என்பதில் ஆரம்பித்து எல்லாக் கேள்விகளுக்கும் இங்கிலீஷில் பதில் தயாரித்து நெட்டுருப் போட வைத்தேன். பதிலை எப்படிச் சொல்வாள் என்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

விஷயம் ஹெச்.எம். அம்மா காதுக்குப் போனது. "ஏம்மா, இது கோச்சிங்கா, இல்ல ஒன் வீட்டு ஆயா வேலையா?" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். சாயங்காலம் ஹாஜிராவிடம், "நாளையிலேருந்து தூளியத் தொடாத" என்றேன்.

"போங்க டீச்சர். தூளிய விட்டா எனக்கு ஒரு டெஃபனிஷனும் வராது. ஒங்க மவனுக்கும் டெஃபனிஷன் கேட்டாத்தான் தூக்கம் வருது, ஒங்க கிளாஸ்ல எங்களுக்கு வர்ற மாதிரி."

தூளி அவள் கையிலேயே இருந்தது. குழந்தை கனத்துத் தூளி தரையைத் தொட ஆரம்பித்ததும் சேலையை ஏற்றிக் கட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்த சீர்திருத்தம்.

3. நாற்காலி

இன்டர்வியூ அன்று பாசஞ்சர் ரயிலில் நாங்கள் நாலு பேரும் கரித்தூளோடு சிதம்பரத்தில் இறங்கினோம். ஹாஜிரா, அவள் வாப்பா, நான், பால்குடி மறக்காத என் மகன். விட்டுவிட்டு வந்திருக்கலாமோ என்று அவன் அழுதபோதெல்லாம் நினைத்தேன்.

இன்டர்வியூ அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் "சிட் டவுன்" என்றார். ஹாஜிரா உட்கார்ந்தாள்.

"வொய் டு யூ வான்ட் டு ஸ்டடி சயின்ஸ்?"

அதே கேள்வி! எனக்குக் கையைத் தட்டலாம் போலிருந்தது. உள்ளே ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த கேள்வி கேட்டார்கள். அதற்கும் ஃபேன்தான் பதில் சொன்னது.

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "டீச்சரம்மா, இதுக்கா ஒரு வருஷம்?"

அப்போது ஹாஜிராவின் குரல் தமிழில் வந்தது. "சார், நின்னுக்கிட்டுச் சொல்லட்டுங்களா?"

"ஏம்மா, நாற்காலியில முள்ளு கிள்ளு இருக்கா?"

"இல்ல சார். ஒக்காந்துக்கிட்டுப் பதில் சொல்லிப் பழக்கமில்ல."

ஒரு வருஷமாக அந்தப் பெண்ணை நான் ஒரு நாள்கூட உட்காரச் சொன்னதில்லை. டீச்சர் எதிரே மாணவி உட்காருவாள் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஹெச்.எம். அம்மா எதிரே நானே உட்கார்ந்ததில்லை.

அவர்கள் சிரித்தபடி சரி என்றார்கள். அவள் எழுந்தாள். உடனே இங்கிலீஷ் மடை திறந்தது. கூடவே டொக், டொக் என்று ஒரு சத்தம். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அத ஏம்மா ஆட்டுற?" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

"டீச்சர் கொழந்தைய ஆட்டிக்கிட்டே படிச்சேன் சார். கை தானா போவுது."

நான் தூண் மறைவுக்கு நகர்ந்தேன்.

"அப்படியா? கொழந்த கனம் ஏற ஏறத் தூளி மெதுவா ஆடிச்சா?"

இது நான் சொல்லிக்கொடுக்காத கேள்வி. ஹாஜிராவின் கை நின்றது.

"இல்ல சார். அவன் மொதல்ல பூனக்குட்டி மாதிரி இருந்தான். இப்ப அரிசி மூட்ட. ஆனா போயிட்டு வர்ற நேரம் அதேதான். டீச்சர் சேலைய ஏத்திக் கட்டுன பொறவுதான் வெரசா ஆடுச்சு."

"ஏன்?"

"நீளம் கொறஞ்சிருச்சுல்ல சார். பென்டுலம்."

அந்த நேரம் பார்த்து என் மகன் வீறிட்டான். வழுக்கைத் தலைக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "இதுதான் அந்த பென்டுலமா?"

வாப்பா என் காதருகே கேட்டார். "டீச்சரம்மா, எம் பொண்ணு சயின்ஸ் படிச்சாளா, புள்ள வளத்தாளா?"

"ரெண்டுந்தான் பாய்" என்றேன். வேறென்ன சொல்வது?

4. பிறகு

சீட்டு கிடைத்தது, ஹாஸ்டலோடு. அல்வாப் பொட்டலத்தோடு வந்த வாப்பாவிடம், மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "காத்திருந்தா காத்திருக்கட்டும். இல்லேன்னா வேற எடம் பாத்துக்கட்டும். சொன்ன பேச்ச நான் மாத்த முடியுமா?" என்றார்.

காலைப் பிரேயரில் ஹெச்.எம். அம்மா "நமது பள்ளியின் தனிப் பயிற்சி முறை" என்று ஐந்து நிமிஷம் பேசினார்கள். தூளி என்ற சொல் அதில் வரவில்லை.

புதிய டீச்சர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இன்டர்வியூவுக்குத் தயார் செய்யும் பெண்ணுக்கு முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். இந்த வருஷம் என்னிடம் வரும் பெண்ணை உட்கார வைத்து, நான் நின்றுகொண்டு கேள்வி கேட்கிறேன். தூளியில் இப்போது இரண்டாவது ஆள். அதை நானே ஆட்டுகிறேன். பதில்கள் எனக்கு நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டன. அந்தப் பெண்ணுக்குத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை. தூளியை அவளிடமே கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.